பழைய காசநோய்க் குழியும் புதிய புற்றுநோய் மருந்தும்: நுரையீரல் பூஞ்சைத் தொற்று ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 63 வயது ஆண். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் மனைவியோடும் இளைய மகனோடும் வசிப்பவர். இளமையில் பால்மரம் (ரப்பர்) வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறிய பிறகு, ஓய்வு பெறும் வரை பழம் வெட்டினார். 35 ஆண்டுகள் புகைபிடித்தவர், புற்றுநோய் தெரிந்த அன்றுதான் நிறுத்தினார். நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டினும் எடுத்துவந்தார். 1998இல் நுரையீரல் காசநோய் வந்து ஆறு மாத மருந்தை முழுதாக முடித்திருக்கிறார். நோய் ஆறினாலும் வலது மேல்மடலில் 3 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தங்கிவிட்டது.

இடது கீழ்மடலில் 4.1 செ.மீ. அளவில் அடினோகார்சினோமா வகைப் புற்று, முதுகெலும்பு வரை பரவியிருந்தது. குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளுக்கு இடமளிக்கும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்கள் இல்லை. புற்றணுக்களில் 70 விழுக்காட்டின் மேல் நோயெதிர்ப்பு அணுக்களைத் தணிக்கும் பிடி-எல்1 புரதம் இருந்ததால், கீமோதெரபி சேர்க்காமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுப்பது என்று முடிவானது: 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், 30 நிமிடம் நரம்பு வழியாக. ஊசி போடுவது இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்த பெரிய மருத்துவமனையில், இடையில் வரும் காய்ச்சல், சர்க்கரை எல்லாவற்றையும் பார்ப்பது உள்ளூர் அரசாங்க மருத்துவமனையில். மருந்துச் செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தார்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். பின்னால் மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று பேசியபோதெல்லாம் இந்தச் செலவு குடும்பத்தார் மனத்தை அழுத்தியது.

முதல் ஊசிக்கு முந்தைய சிடி ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: வலது மேல்மடலில் பழைய காசநோய் வடு, குழிக்குள் சிறு நிழல், பழையதாக இருக்கலாம். எல்லார் கவனமும் இடப்பக்கப் புற்றின் மேல் இருந்ததால் அந்த வரியை யாரும் பின்தொடரவில்லை.

சாவடிப் புரதங்களும் வெள்ளையணுக்களும்

நடந்ததைப் புரிந்துகொள்ள இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டி அணுக்கள் என்ற வெள்ளையணு வகையின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் உண்டு. அதனோடு பிடி-எல்1 வந்து பொருந்தினால் டி அணுவின் வேகம் தணிகிறது. தொற்றோடு போராடும் உடல் தன் திசுவையே எரித்துக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த கட்டுப்பாடு இது. இப்படிப்பட்டவற்றை நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடிப் புரதங்கள் என்கிறோம். புற்றணுக்கள் பிடி-எல்1ஐத் தாங்களே அணிந்துகொண்டு இந்தச் சாவடியைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் பிடி-1இன் மேல் அமர்ந்து அந்தப் பொருத்தத்தைத் தடுக்கிறது. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்த ஜப்பானின் தசுக்கு ஹொஞ்சோவும், சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு சாவடியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பூஞ்சைக்கு எதிரான வேலையில் ஒவ்வொரு வெள்ளையணுவுக்கும் ஒரு பங்கு உண்டு. காற்றில் வரும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவே இருப்பதால் நுரையீரலின் நுண்ணறை வரை போய்விடும். அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிக் கொல்ல வேண்டும். தப்பிய வித்து முளைத்து இழையாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. அப்போது நியூட்ரோஃபில்கள்தான் சூழ்ந்து நின்று அதைத் தாக்குகின்றன. டி அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து இந்த இரண்டு வகை அணுக்களையும் முடுக்கிவிடுகின்றன.

சாவடியைத் திறந்துவிட்டால் பூஞ்சை ஒழிந்துவிடும் என்று எளிதாக எண்ணத் தோன்றும். சில ஆய்வுகள் அப்படித்தான் காட்டுகின்றன. 2008இல் வெளியான ஆய்வில், உயிர்க்கொல்லி அளவு ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை செலுத்தப்பட்ட எலிகளில் பிடி-1 இல்லாதவை பிழைத்தன. 2022இல் வெளியான இன்னோர் எலி ஆய்வு நியூட்ரோஃபிலையே நேராகப் பார்த்தது. கேண்டிடா பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் நியூட்ரோஃபிலின் மேல் பிடி-எல்1ஐக் கூட்டுகிறது. அப்படிக் கூடியதும் அந்த அணு சுரக்கும் ஈர்ப்புப் பொருள்கள் அதை எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே நிறுத்திவைக்கின்றன. ஆள் தேவைப்படும் நேரத்தில் ஆள் வெளியே வருவதில்லை. 2017இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அறிக்கை, எந்த மருந்துக்கும் அடங்காத மியூக்கோர் வகைப் பூஞ்சைத் தொற்றில் பிடி-1ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான நிவோலுமாப்பும் இன்டர்ஃபெரான் காமாவும் சேர்த்துக் கொடுத்ததில் நோயாளி தேறியதைப் பதிவு செய்தது.

காசநோயில் நிலைமை நேர்மாறு. பிடி-1 இல்லாத எலிகள் காசநோயில் மற்ற எலிகளைவிட விரைவில் இறக்கின்றன, கட்டுப்பாடற்ற அழற்சியே நுரையீரலைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே ஒரே சாவடியைத் திறப்பது கிருமிக்குக் கிருமி, இடத்துக்கு இடம் வேறு வேறு விளைவைத் தரும். பல்லாண்டாகச் சத்தமின்றிப் பூஞ்சை தங்கியிருக்கும் குழி ஒன்றில் திடீரென டி அணுக்கள் விடுபட்டால், அந்தக் குழியைச் சுற்றிப் புண்ணும் வீக்கமும் கிளம்பலாம். இந்த நோயாளிக்கு அப்படியே நடந்தது என்பது எங்கள் கருத்து.

கவனிக்கப்பட்டவை

நாள் கணக்கு முதல் ஊசியிலிருந்து. 64ஆம் நாள் நான்காவது ஊசி. 73ஆம் நாள் இருமல் கூடியது, மாலையில் 37.9 டிகிரி காய்ச்சல், சளியில் இரத்தக் கோடு. பக்கத்துக் கிளினிக்கில் அமோக்ஸிசிலின் கிளாவுலனேட் 7 நாளைக்குக் கொடுத்தார்கள், பலனில்லை. 81ஆம் நாள் உள்ளூர் மருத்துவமனைக்கு வந்தபோது இரத்த ஆக்ஸிஜன் 94 விழுக்காடு, எடை 54 கிலோ, அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி. 52. காசநோய் திரும்பியிருக்குமோ என்பதே முதல் சந்தேகம். மூன்று சளி மாதிரிகளிலும் காசநோய்க் கிருமி இல்லை, மரபணுச் சோதனையிலும் இல்லை.

84ஆம் நாள் சிடி ஸ்கேனில் இரண்டு செய்திகள் கிடைத்தன. புற்று 4.1 செ.மீ.யிலிருந்து 2.6ஆகச் சுருங்கியிருந்தது. வலது மேல்மடல் குழியின் சுவர் தடித்து, சுற்றிலும் மங்கலான வெண்படலம் பரவியிருந்தது. முதல் செய்தி தந்த மகிழ்ச்சி, இரண்டாவதைப் படித்த விதத்தையும் சாய்த்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது, ஆகவே இது மருந்தின் பக்கவிளைவான நுரையீரல் அழற்சி என்று எண்ணம் ஓடியது.

‘தோட்டத்தில் என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று இரண்டு தடவை கேட்கப்பட்டது. இரண்டு தடவையும் ‘வேலை எல்லாம் இல்ல டாக்டர், நான் ஓய்வு’ என்றே பதில் சொன்னார். அது பொய்யில்லை. தோட்ட வேலை என்றால் அவருக்குச் சம்பளத்துக்குச் செய்யும் வேலைதான். வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் போட்டிருப்பதும், மகன் ஆலையிலிருந்து லோரியில் கொண்டுவந்த பாதி மக்கிய வெற்றுக்குலைகளை (பழம் எடுத்த பின் மிஞ்சும் செம்பனைக் குலைகள்)க் கோழி எருவோடு கலந்து வெறும் முகத்தோடு கிளறிப் பரப்பியதும் அவர் கணக்கில் வேலையே இல்லை. மக்கும் குவியல் உள்ளே சூடேறும். 50 டிகிரியிலும் வளரக்கூடிய அஸ்பெர்ஜில்லஸ் ஃபியுமிகாட்டஸுக்கு அது உகந்த இடம், கிளறும்போது வித்துகள் புகைபோலக் கிளம்பும்.

முதல் முடிவும் அதன் காரணமும்

84ஆம் நாள் வெள்ளிக்கிழமை. தீவிரத்தில் இரண்டாம் நிலையிலுள்ள மருந்து அழற்சி என்று கணித்து, பெம்ப்ரோலிசுமாப்பை நிறுத்திவைத்து, உடல் எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் ப்ரெட்னிசோலோன் தொடங்கப்பட்டது: நாளுக்கு 55 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை 11. வயிற்றுக்கு ஒமெப்ரசோல். மூச்சுக்குழாய் உள்நோக்கிச் சோதனை உள்ளூரில் இல்லை, பெரிய மருத்துவமனையில் அடுத்த இடம் 8 நாள் கழித்துத்தான். மருந்து அழற்சி என்றால் தாமதம் ஆபத்து, ஆகவே காத்திருக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இந்த முடிவு வழிகாட்டுதல்களுக்கு மாறானதல்ல. காசநோய் விலக்கப்பட்டிருந்தது, பாக்டீரியா மருந்து பலிக்கவில்லை.

மூன்று தடயங்கள் எதிர்த்திசையைக் காட்டின என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நிழல் ஒரே பக்கம், அதுவும் பழைய குழியைச் சுற்றியே இருந்தது. சளியில் இரத்தம் வந்தது, அது மருந்து அழற்சியின் வழக்கமான அடையாளமல்ல. மூன்றாவது, முந்தைய அறிக்கையிலிருந்த அந்த நிழல். சளி காசநோய்க்கு மட்டும் அனுப்பப்பட்டது, அதே மாதிரியைப் பூஞ்சைக்கு அனுப்பக் கூடுதலாக ஒரு படிவம் போதும். மறுபார்வைக்கு ஸ்டீராய்டு தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் குறிக்கப்பட்டது. அது மிகவும் நீண்ட இடைவெளி.

ஏமாற்றிய மூன்று நாளும் பிறகு நடந்ததும்

ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, மனைவி வைத்த மீன் குழம்பில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். ப்ரெட்னிசோலோன் எந்தக் காய்ச்சலையும் அடக்கும், பூஞ்சைக் காய்ச்சலையும் அடக்கும். ஸ்டீராய்டுக்குக் காய்ச்சல் இறங்குவதை நோய்க்கணிப்பு சரி என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

93ஆம் நாள் விடியற்காலை அரை கிளாஸ் அளவு இரத்தம் இருமலில் வந்தது. காய்ச்சல் 38.6, ஆக்ஸிஜன் 89, சர்க்கரை 19 மில்லிமோல், சி.ஆர்.பி. 164. வெள்ளையணு எண்ணிக்கை 15,800, அதில் நியூட்ரோஃபில் 91 விழுக்காடு. டி அணுக்கள் அடங்கும் லிம்போசைட் வகை 500 மட்டும்.

இந்த 15,800 பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்த்து உடம்பு நன்றாகப் போராடுகிறது என்று அவசரப் பிரிவில் ஒரு கருத்து எழுந்தது. ஸ்டீராய்டு, இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களைப் பிரித்து ஓட்டத்தில் விடுகிறது, மஜ்ஜையிலிருந்தும் வெளியேற்றுகிறது, அவற்றின் இயல்பான அழிவையும் தள்ளிப்போடுகிறது. ஆகவே எண்ணிக்கை ஏறும். ஆனால் அவை குழாயைவிட்டுத் திசுவுக்குள் போவது குறைகிறது. மேக்ரோஃபேஜ் விழுங்கிய வித்தைக் கொல்லும் திறனும் குறைகிறது. 19இல் நிற்கும் சர்க்கரை நியூட்ரோஃபிலை இன்னும் மந்தமாக்குகிறது. அறிக்கைத் தாளில் கூட்டம் தெரிகிறது, பூஞ்சை இருக்கும் இடத்தில் ஆளில்லை. சாவடி திறந்ததால் டி அணுக்கள் குழியைச் சுற்றித் திசுவைப் புண்ணாக்கின. பிறகு வந்த ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்ல வேண்டிய அணுக்களின் கையைக் கட்டியது. புண்ணான திசுவுக்குள் இழைகள் இறங்கின.

இரண்டாம் முடிவு

இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்து, ஆக்ஸிஜனோடு, வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். இரத்தம் வரும் பக்கம் கீழே இருந்தால் நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் வழியாது. புதிய சிடியில் குழிச்சுவர் 9 மி.மீ., உள்ளே உருண்டை, அதன் மேல் பிறைநிலா வடிவில் காற்று, பக்கத்தில் புதிய முடிச்சுகள்.

மறுநாள் மூச்சுக்குழாய்க் கழுவுநீரில், அஸ்பெர்ஜில்லஸ் சுவரிலுள்ள பொருளான காலக்டோமன்னனின் குறியீடு 4.2 வந்தது. 1.0க்கு மேல் இருந்தாலே பொருட்படுத்த வேண்டியது. இரத்தத்தில் அதே சோதனை 0.3 மட்டுமே. நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறையாத நோயாளிகளுக்கு இரத்தத்தில் இது பெரும்பாலும் தப்பிவிடும், ஆகவே இரத்தச் சோதனையை மட்டும் பார்த்துப் பூஞ்சை இல்லை என்று எழுதக் கூடாது. நுண்ணோக்கியில் குறுக்குச் சுவருள்ள, கூர்ங்கோணத்தில் கிளைத்த இழைகள். நான்காம் நாள் வளர்ப்பில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியுமிகாட்டஸ். நியூமோசிஸ்டிஸ் என்ற இன்னொரு நுரையீரல் பூஞ்சை, காசநோய் இரண்டும் இல்லை.

வளர்ப்பு முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தொடங்கப்பட்டது: முதல் இரண்டு வேளை 12 மணிக்கொருமுறை கிலோவுக்கு 6 மில்லிகிராம், அதாவது 320, பிறகு கிலோவுக்கு 4, அதாவது 220. கிரியாட்டினின் 96 மைக்ரோமோல் என்று பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு 53 மில்லிலிட்டர். 50க்குக் கீழே போனால் ஊசி வடிவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்த்திருக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் உடலில் தேங்கும், மாத்திரைக்கு மாற வேண்டியிருக்கும். சிம்வாஸ்டாட்டின் நிறுத்தப்பட்டது, வோரிகோனசோலோடு சேர்ந்தால் தசைச் சிதைவு வரலாம். கிளிக்லசைடும் நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள், ஏனெனில் வோரிகோனசோல் அந்த வகை மாத்திரையின் அளவைக் கூட்டும். ஸ்டீராய்டு குறையும் அதே நாள்களில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஸ்டீராய்டை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட விவாதம். ஒரே நாளில் நிறுத்தலாம் என்றார் தொற்றுநோய் மருத்துவர். அடியில் மருந்து அழற்சியும் கலந்திருந்தால் மூச்சு மோசமாகும் என்றார் நுரையீரல் மருத்துவர். 55லிருந்து 30க்கு உடனே இறக்கி, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 குறைத்து, 18 நாளில் முடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். வோரிகோனசோல் உடம்பில் ப்ரெட்னிசோலோனின் அளவையும் கூட்டுவதால், தாளில் எழுதியதைவிட உடல் உணரும் ஸ்டீராய்டு அதிகம் என்பதும் கணக்கில் வந்தது.

தொடர்ந்தவை

பூஞ்சை மருந்து தொடங்கிய நான்காம் நாள் இரத்தம் நின்றது, இரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறாம் நாள், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்றார். அன்றிரவு, இறந்துபோன அண்ணன் ஜன்னலோரம் நிற்பதாக மனைவியிடம் சொன்னார். குடும்பம் அதைக் கடைசிக் கட்டத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு உறவினருக்குச் சொல்லி அனுப்பியது. இரவுப் பணியிலிருந்த தமிழ்த் தாதி ஒருவர் அவர்கள் பேச்சைக் கேட்டு மருத்துவரை அழைத்தார். ஐந்தாம் நாள் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த இரத்தத்தின் வோரிகோனசோல் அளவு மறுநாள்தான் வந்தது: லிட்டருக்கு 7.1 மில்லிகிராம். இருக்க வேண்டியது 1 முதல் 5.5 வரை. ஸ்டீராய்டோடு தொடங்கிய ஒமெப்ரசோல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அது வோரிகோனசோலின் அளவை ஏற்றும். அதை நிறுத்தி, வோரிகோனசோலை மாத்திரையாக 150 மில்லிகிராம் இரண்டு வேளைக்குக் குறைத்ததும் இரண்டு நாளில் தோற்றங்கள் மறைந்தன. அடுத்த அளவு 3.4.

19ஆம் நாள் வீடு திரும்பினார். ஆறாம் வாரச் சிடியில் முடிச்சுகள் பாதியாகியிருந்தன, குழி அப்படியே. புற்று, ஊசி இல்லாமலே 2.5 செ.மீ.யில் நின்றது. பெம்ப்ரோலிசுமாப்பின் பாதி அளவு உடலைவிட்டு நீங்கவே மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், ஓர் ஊசி தவறினால் எல்லாம் வீண் என்ற குடும்பத்தின் பயத்தைத் தணிக்க முடிந்தது. பூஞ்சை மருந்து மூன்று மாதம் நிறைந்ததும், அதை நிறுத்தாமலே, பெம்ப்ரோலிசுமாப் மறுபடி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சளியும் சி.ஆர்.பி.யும் பார்த்தார்கள், இரண்டாம் ஊசிக்குப் பின் சிடி.

நான்காம் மாதம் முகமும் முன்கையும் வெந்ததுபோல் கறுத்தன. வோரிகோனசோல் எடுப்பவருக்கு வெயில் ஆகாது, ஆனால் அவரைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் குளிகை 200 மில்லிகிராம் இரண்டு வேளைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் அதன் அளவு 0.2 மட்டுமே வந்தது. கிளினிக் தாதி கேட்டார்: ‘ஐயா, இந்த மருந்த சாப்பாட்டுக்கு முன்னாலயா போடுறீங்க?’ ‘ஆமாம்மா, பழைய மருந்துக்கு வெறும் வயித்துலதான் போடணும்னு சொன்னாங்களே.’ வோரிகோனசோல் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ, இட்ராகோனசோல் குளிகை சாப்பாட்டோடு. அதைத் திருத்தியதும் அளவு 1.3 ஆனது.

ஒன்பதாம் மாத முடிவில் எடை 56 கிலோ. இருமல் உண்டு, இரத்தம் இல்லை. புற்று நிலையாக இருக்கிறது. குழி இருக்கிறது, உள்ளே உருண்டை சிறுத்திருக்கிறது. பூஞ்சை மருந்து தொடர்கிறது.

மாற்றப்பட்டவை, மாற வேண்டியவை

பழைய காசநோய்க் குழியோடு பிடி-1 தடுப்பு மருந்துக்கு வருபவருக்கு, முதல் ஊசிக்கு முன்பே சளியில் பூஞ்சை வளர்ப்பும் இரத்தத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி எதிர்ப்பொருளும் பார்த்துவிட வேண்டும். குழிக்குள் நிழல் என்று அறிக்கை சொன்னால், படத்தைப் படித்த மருத்துவரிடமே நேரில் கேட்க வேண்டும். இந்த நோயாளிக்கு அன்றே அது நடந்திருந்தால், பூஞ்சை மருந்தைத் தொடங்கிவிட்டு ஊசிக்குப் போயிருக்கலாம்.

ஸ்டீராய்டு காத்திருக்க முடியாது என்றால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் மாத்திரைக்கு முன் எடுத்த சளி பூஞ்சைக்கும் போக வேண்டும், 72 மணி நேரத்திலும் ஏழாம் நாளிலும் ஆளை நேரில் பார்க்க வேண்டும். உள்ளூர் மருத்துவமனையில் இப்போது காசநோய்ச் சளிப் படிவத்தோடு பூஞ்சைப் படிவமும் ஒன்றாகவே இணைத்து வைக்கப்படுகிறது. வீட்டில் சர்க்கரை 15ஐத் தாண்டினால் மறுநாளே வரச் சொல்லி மருந்துப் பையில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

பூஞ்சை மருந்து மாறும்போது பையின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் ‘சோற்றோடு’ அல்லது ‘வெறும் வயிற்றில்’ என்று ஒட்டப்படுகிறது.

கேள்வியும் மாறியது. ‘என்ன வேலை’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘மண்ணு, எரு, வெற்றுக்குலை ஏதாவது கையில புழங்குறீங்களா? வீட்டுல கோழி, புறா இருக்கா?’ என்று கேட்கிறார்கள். அவருடைய கத்தரிப் பாத்தி இன்னும் இருக்கிறது. எருவை இப்போது மகன் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு பரப்புகிறார். அப்பா தள்ளி நின்று தொப்பியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.